கால்மிதிக்குக் கீழே

"கண்ணுக்குத் தெரியாத துருவை எப்படிங்க கண்டுபிடிக்கறது?" என்று கேட்டார் சீடர்.

"எந்த வண்டியில?" என்று கேட்டார் குரு.

"எந்த வண்டியா இருந்தாலுஞ் சரி."

"அப்ப உங்க வண்டியக் கொண்டாங்க."

சீடருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் வண்டியில் துரு இருந்தால்தானே கண்டுபிடிப்பதற்கு?

குரு, சீடர் என்றதும் தாடியையும் ஆலமரத்தையும் தேடாதீர்கள். இங்கே குருவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. பெயர் ஃபிலோமினா. கல்லூரியில் ஆட்டோமொபைல் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். அங்கே ஒத்துவராமல் வெளியே வந்து, போத்தனூரில் பழைய கார்களைச் சரிசெய்கிற பட்டறை போட்டார். வேலையை விட்டும் பெயர் விடவில்லை. இன்றைக்கும் ஊரே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறது.

தலை நரைத்திருந்தது சீடருக்குத்தான். பெயர் கஸ்தூரிசாமி. பம்ப்செட் கம்பெனியை மகன் கையில் ஒப்படைத்துவிட்டு, இனி பொழுதை எப்படிக் கழிப்பது என்று தெரியாமல் திண்டாடிக்கொண்டிருந்த மனிதர். ஒருநாள் பட்டறை வாசலில் வந்து நின்று, எனக்கும் இந்த வேலையைக் கற்றுக்கொடுங்கள் என்றார்.

டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். சட்டை அழுக்காகும் என்றார்.

பரவாயில்லை என்றார் இவர்.

அவ்வளவுதான் தீட்சை.

ஆள் கெட்டிக்காரர். அதைச் சொல்லியாக வேண்டும். காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவோரமாக மெல்ல நகர்த்துவார். எங்கே காந்தம் ஒட்டாமல் வழுக்குகிறதோ அங்கே நிறுத்தி, உள்ளே இரும்பு இல்லை, பட்டி என்கிற பூச்சை அப்பி மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்பார். விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். நல்ல இரும்பு கணீரென்று பேசும். அரித்த இரும்பு பொத்தென்று பேசும். அந்த வித்தியாசம் அவர் காதுக்கு நன்றாகப் பிடிபட்டிருந்தது.

ஆனால் ஒன்று. அடுத்தவர் வண்டியில் துரு கண்டுபிடிப்பதென்றால் மனிதருக்கு அப்படி ஒரு குஷி.

ஒரு முறை டாக்டர் ஒருவர் தன் வெள்ளைக் காரைக் கொண்டுவந்து விட்டார். கஸ்தூரிசாமி உள்ளே தலையை விட்டு, தரைவிரிப்பைத் தூக்கி, பின்சீட்டுக்குக் கீழே அரித்துக் கிடந்ததைக் காட்டினார். காட்டினதோடு விட்டாரா? நோயாளியின் வயிற்றுக்குள் இருப்பதெல்லாம் தெரிகிறது, சொந்த வண்டிக்குள் இருப்பது தெரியவில்லையா என்று ஒரு பிடி பிடித்துவிட்டார். பாவம் அந்த டாக்டர், முகம் செத்துப்போய் நின்றார்.

டீச்சர் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

இனி, கஸ்தூரிசாமியின் வண்டி.

சிவப்பு நிறம். இரண்டே இருக்கை. மேலே இரும்புக் கூரை கிடையாது, மழைக்கு இழுத்து மூடுகிற துணிக்கூரைதான். வெள்ளைக்காரர்கள் ஊரில் பிறந்து, நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்டத்து மேனேஜரிடம் இருந்து, கைமாறிக் கைமாறி இவரிடம் வந்து சேர்ந்தது. அவினாசி ரோட்டில் அது போனால் பஸ்ஸில் இருக்கிறவர்கள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்ப்பார்கள்.

அதை அவர் வளர்த்த சீர் இருக்கிறதே, அடேயப்பா. வெள்ளிக்கிழமை தவறாமல் குளியல். குழாயைப் பிடித்து உச்சந்தலையிலிருந்து தண்ணீர் விடுவார். அழுக்குப் போகும்வரை அல்ல, மனசு நிறையும்வரை விடுவார். அப்புறம் துடைத்து, சந்தனப் பொட்டு, குங்குமம், ஊதுவத்தி. பெற்ற பிள்ளையை ஒரு நாளாவது அப்படிக் குளிப்பாட்டியிருப்பாரா என்று சொந்தக்காரர்கள் கேலி பேசுவார்கள். அவர் காதில் அது பாராட்டாகத்தான் விழும்.

ஒரு சமயம் அந்த வண்டியில் சுண்டெலி புகுந்துவிட்டது. கதவுக்குக் கீழே இரண்டு பக்கமும் நீளவாக்கில் ஒரு இரும்புப் பெட்டி ஓடும். உள்ளே வெறும் கூடு. அதன் அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். எலி அது வழியாக ஏறி, இறங்கத் தெரியாமல் உள்ளேயே செத்துப்போயிற்று. நாற்றம் என்றால் உங்கள் வீட்டு நாற்றம் எங்கள் வீட்டு நாற்றமில்லை. கஸ்தூரிசாமி மூக்கைப் பொத்திக்கொண்டு திரிந்தார்.

அது ஓய்ந்ததும் அவர் செய்த முதல் வேலை, தாரை உருக்கி அடியில் கண்ணில் பட்ட ஓட்டையிலெல்லாம் அப்பி அடைத்ததுதான். அதோடு விடாமல் அடிப்பாகம் முழுக்கக் கறுகறுவென்று தாரைப் பூசியும்விட்டார். தன் கையால், தன் செலவில், ஒருத்தரைக் கிட்டே விடாமல் செய்த வேலை. அதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை. வீட்டுக்கு வருகிறவர்களையெல்லாம் வண்டிப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடுவார்.

"எறும்புகூட உள்ள போகாதுங்க" என்பார்.

அதற்கப்புறம் அவர் அடியில் குனிந்து பார்த்ததே இல்லை. பார்க்க என்ன இருக்கிறது?

வண்டியைக் கொண்டுவரச் சொன்னதும் அவர் தயங்கவில்லை. அவருக்கும் ஒரு காரியம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கல்யாண நாள். மனைவி கோதைநாயகியைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கோத்தகிரி போவதாக ஏற்பாடு. மேட்டுப்பாளையம் தாண்டிவிட்டால் முழுக்க முழுக்க வளைவும் ஏற்றமும். கிளம்புவதற்கு முன்னால் டீச்சர் வாயால் ஒரு நல்ல வார்த்தை கேட்டுவிட்டால் தேவலை என்று நினைத்தார்.

சனிக்கிழமை காலையில் கொண்டுவந்து நிறுத்தினார். பளபளப்பில் பட்டறைக் கூரையே அதில் தெரிந்தது.

டீச்சர் வண்டியைச் சுற்றி வரவில்லை. காந்தத்தை எடுக்கவில்லை. ஒரு தட்டுக்கூடத் தட்டவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து டீயைக் குடித்து முடித்தார். அப்புறம் கேட்டார்.

"இதுல எந்த எடத்தப் பத்தி உங்களுக்குக் கவலையே இல்ல?"

விசித்திரமான கேள்வி. சீடர் யோசிக்கவே இல்லை. பக்கத்து இருக்கைக் கதவைத் தொட்டு, அதற்குக் கீழே ஓடுகிற பெட்டியைக் காட்டினார். எலி செத்தது இதில்தான் என்றும், அதனால் இந்தப் பக்கம் மட்டும் இரண்டு தடவை தார் அப்பினதாகவும் சொன்னார்.

"தண்ணி கொண்டாங்க" என்றார் டீச்சர்.

சீடர் உள்ளே போய் டம்ளரில் குடிதண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.

"எனக்கில்லீங் சார். வண்டிக்கு. குடத்துல கொண்டாங்க."

குடம் வந்தது. முன்கண்ணாடிக்கு முன்னால், காற்று உள்ளே போவதற்காக ஒரு கம்பிவலை இருக்கும். அந்த வலையில் ஊற்றச் சொன்னார் டீச்சர். வாராவாரம் குழாய்த் தண்ணீரை வாங்கிப் பழகின வலைதான். கஸ்தூரிசாமி குடத்தைச் சாய்த்தார். கடகடவென்று குடித்துவிட்டது.

தண்ணீர் எந்த வழியாக வெளியே வருகிறது என்று பார்த்துச் சொல்லச் சொன்னார்.

சீடர் குனிந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். சிமெண்டுத் தரை காய்ந்து கிடந்தது.

"வரலீங்க டீச்சர்."

"இன்னொரு குடம்."

அதையும் ஊற்றினார். மறுபடி குனிந்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. நிமிர்ந்தபோது அவர் முகத்தில் வெற்றிக்களை தாண்டவமாடியது. இத்தனை வருஷத்து வண்டி ஒரு பொட்டு ஒழுகவில்லை பார்த்தீர்களா என்று கேட்டார்.

டீச்சர் அவரையே பார்த்தார்.

"ஊத்துன தண்ணி எங்கீங் சார்?"

கஸ்தூரிசாமி மறுபடி குனிந்தார்.

தரையைப் பார்த்தார். குடத்தைப் பார்த்தார். வலையைப் பார்த்தார். ஊற்றினது நிஜம். வராததும் நிஜம். வழியில் யாரும் வாங்கிக் குடித்துவிடவில்லை.

"உள்ளயா?" என்று கேட்டார். குரல் அவருடையது மாதிரி இல்லை.

டீச்சர் மேஜை மேல் கிடந்த கம்பியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அடைத்தவரே திறக்கட்டும் என்று மட்டும் சொன்னார்.

சாக்கை விரித்துப் படுத்து, வண்டிக்கடியில் தலையைக் கொடுத்தார் சீடர். தார் அடைத்த இடம் கைக்குத் தெரிந்தது. சொந்தக் கைவேலை ஆயிற்றே. கம்பியை வைத்து அழுத்தினார். தார் அசையவில்லை. நல்ல கெட்டியான அடைப்பு. கொஞ்சம் தள்ளி வைத்து அழுத்தினார்.

கம்பி இறங்கியது.

ஓட்டையில் இல்லை. ஓட்டைக்குப் பக்கத்தில், இரும்பு இருக்க வேண்டிய இடத்தில். டீயில் நனைத்த ரஸ்க்கில் விரல் இறங்குகிற மாதிரி, ஒரு சத்தமும் இல்லாமல் இறங்கியது.

அவர் கம்பியை வெளியே இழுத்தார். தண்ணீர் அவர் முகத்தில் கொட்டியது.

முதலில் கறுப்பாக வந்தது. அப்புறம் செங்கல் கரைத்த நிறத்தில் வந்தது. கூடவே இரும்புச் செதில்கள் விழுந்தன. நாற்றம் குடலைப் பிடுங்கியது. கஸ்தூரிசாமி தடுமாறி வெளியே உருண்டு வந்து எழுந்து உட்கார்ந்தார். தண்ணீர் நிற்கவில்லை. சிமெண்டுத் தரையில் ஓடி, அவர் செருப்பைத் தொட்டு, அதையும் தாண்டிப் போயிற்று.

"நான் ஊத்துனது நல்ல தண்ணியாச்சே" என்று முனகினார்.

"இது நீங்க இன்னிக்கு ஊத்துனதில்லீங் சார். இதெல்லாம் உங்க வெள்ளிக்கெழமை."

சீடருக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. சட்டையெல்லாம் செந்தண்ணீர். அதைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கோபம் வந்தது. நியாயம் பேச ஆரம்பித்தார். எலி வந்ததால்தானே அடைத்தேன் என்றார். அடைக்காமல் விட்டிருந்தால் நாறியிருக்குமே என்றார். வண்டியைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டேனே, எத்தனையோ பேர் வெயிலிலும் மழையிலும் போட்டு வைத்திருக்கிறார்களே, அவர்கள் வண்டிக்கெல்லாம் ஒன்றும் ஆகவில்லையே, எனக்கு மட்டும் ஏன் என்றார். யாரிடம் கேட்கிறார் என்று அவருக்கே தெரியவில்லை.

டீச்சர் எல்லாவற்றையும் கேட்டார். அந்த ஓட்டைகள் உள்ளே போகிற தண்ணீர் வடிவதற்காக வைத்தவை, எலி நுழையாமல் இருக்க ஒரு சின்னச் சல்லடை வைத்திருந்தால் போதும் என்றார்.

"சரிங்க டீச்சர். இனிமே துரு வராம எப்படித் தடுக்கறது? அதையாச்சும் சொல்லிக்குடுங்க."

டீச்சர் அவர் கையிலிருந்த கம்பியைக் காட்டினார்.

"மிச்சத்தையும் தொறந்துட்டு வந்து கேளுங்க."

சீடர் மறுபடி படுத்தார். வண்டியைச் சுற்றி ஊர்ந்தார். அடைத்த ஒவ்வொரு ஓட்டையையும் தேடிப் பிடித்துக் குத்தினார். சில இடத்தில் சொட்டியது, சில இடத்தில் பீறிட்டது. வலது பக்கம் பரவாயில்லை, இரும்பு கம்பிக்கு எதிர்த்து நின்றது. இடது பக்கம், கோதைநாயகி ஏறி இறங்குகிற பக்கம், தொட்ட இடமெல்லாம் உதிர்ந்தது. அவர் தன்னையே திட்டிக்கொண்டு குத்தினார். என்ன திட்டினார் என்று எழுத முடியாது.

எல்லாம் வடிந்ததும் வண்டியைக் குழி மேல் தள்ளச் சொன்னார் டீச்சர். வண்டிக்குக் கீழே நின்றபடி பார்ப்பதற்காகப் பட்டறையில் வெட்டி வைத்திருக்கிற குழி அது. இருவரும் இறங்கினார்கள். டீச்சர் டார்ச் அடித்தார்.

மேலே எங்கும் தார். கறுப்பாக, தடிமனாக, பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. கஸ்தூரிசாமிக்கு உயிர் கொஞ்சம் திரும்பி வந்தது.

டீச்சர் டார்ச்சின் பின்பக்கத்தால் லேசாகத் தட்டினார். தார் ஒரு பக்கமாகப் பிரிந்து, தோசை மாதிரி உரிந்து தொங்கியது. அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு வந்தது இரும்பு அல்ல, இரும்பாக இருந்த தூள். அது இரண்டு பேர் தலையிலும் கொட்டியது.

சீடர் முகத்தில் விழுந்த தூளைத் துடைத்தார்.

அப்போதுதான் அவர் கண்ணில் அது பட்டது. இடது பக்கத்தில், பக்கத்து இருக்கைக்குக் கால் வைக்கிற இடத்துக்கு நேர் கீழே, தார் எப்போதோ தானாகவே விழுந்துபோயிருந்தது. அந்த இடத்தில் மட்டும் டார்ச் வெளிச்சத்துக்கு ஏதோ மின்னியது. முழுகப் போகிறவன் கைக்குக் கட்டை கிடைத்தது போலிருந்தது அவருக்கு.

"டீச்சர், அங்க பாருங்க. இரும்பு எப்படிப் பளபளன்னு இருக்குதுன்னு பாருங்க. அந்த எடம் நல்லாத்தான் இருக்குது."

டீச்சர் டார்ச்சை அங்கேயே வெகுநேரம் பிடித்திருந்தார். அவர் முகம் மாறியது. இத்தனை வண்டி பார்த்த மனுஷி, அவருக்கே அது புதிதாக இருந்திருக்க வேண்டும்.

"இது வண்டியோட இரும்பு இல்லீங் சார்" என்றார்.

டார்ச்சை எரியவிட்டுக் குழித் தரையில் வைத்துவிட்டு மேலே ஏறினார். பக்கத்து இருக்கைக் கதவைத் திறந்தார். கீழே கனமான ரப்பர் கால்மிதி கிடந்தது. அதன் ஓரத்தைப் பிடித்தார்.

கஸ்தூரிசாமி பின்னாலேயே ஓடி வந்தார். அந்தப் பக்கம் சுத்தமாகத்தான் இருக்கும் என்றார். உள்ளே கூட்டித் துடைப்பதெல்லாம் வீட்டுக்காரம்மாள்தான், அந்தப் பக்கம் தன்னைக் கை வைக்கக்கூட விடமாட்டார், அவ்வளவு அக்கறை என்றார்.

டீச்சர் கால்மிதியைத் தூக்கினார்.

கீழே ஒரு தட்டு இருந்தது.

எவர்சில்வர் தட்டு. சோறு போட்டுச் சாப்பிடுகிற, விளிம்பு வைத்த தட்டு. கவிழ்த்துப் போட்டிருந்தது. விளிம்பின் வெளிப்பக்கம் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. கல்யாணச் சீர்ப் பாத்திரத்தில் பெண்ணின் பெயரை வெட்டிக் கொடுப்பது நம் வீடுகளில் உள்ளதுதானே. டீச்சர் தலையைச் சாய்த்துப் படித்தார்.

"கோதைநாயகி. யாருங் சார் இது?"

சீடர் அந்தப் பெயரை விரலால் தடவிப் பார்த்தார்.

"எங்க வீட்ல" என்றார்.

டீச்சர் தட்டை எடுத்தார். தட்டு மறைத்திருந்த இடத்தில் தரை இல்லை. கால் நுழைகிற அளவுக்கு ஓட்டை. அதன் வழியாகக் கீழே குழியில் டார்ச் எரிந்துகொண்டிருப்பது தெரிந்தது. ஓட்டையைச் சுற்றியிருந்த இரும்பு அப்பளம் மாதிரி விளிம்பு விளிம்பாக உடைந்து நின்றது.

டீச்சர் இருக்கையின் முன்பக்கத்தை ஒரு கையால் பிடித்து மேலே இழுத்தார். இருக்கையைத் தரையோடு பிடித்திருந்த போல்ட்டுகள் கழலவில்லை. தரையையும் பெயர்த்துக்கொண்டு கையோடு வந்தன.

இரும்புக் கூரை இல்லாத வண்டிக்குக் கதவுக்குக் கீழே ஓடுகிற அந்தப் பெட்டிதான் முதுகெலும்பு என்பது கஸ்தூரிசாமிக்குத் தெரியும். அந்தத் தரைதான் இருக்கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதும் தெரியும். அடுத்தவர்களுக்கு எத்தனையோ முறை அவரே விளக்கியிருக்கிறார். இப்போது பெட்டியும் இல்லை, தரையும் இல்லை. நடுவில் இருந்தது ஒரு சாப்பாட்டுத் தட்டு.

"நாளைக்கு மலையில ஏறியிருந்தீங்கன்னா" என்று ஆரம்பித்தார் டீச்சர். "ஒரு வளைவுல நல்லா பிரேக் புடிச்சிருந்தீங்கன்னா..."

"வேண்டாங்க டீச்சர்" என்றார் சீடர். "சொல்ல வேண்டாங்க."

வண்டியைப் பிடித்துக்கொள்ளலாம் என்று கையை வைத்தார். வைத்த கையைச் சட்டென்று எடுத்துவிட்டார். இந்த வண்டியில்தான் அவளை ஏற்றிக்கொண்டு போனார். மழையில் போனார். நெடுஞ்சாலையில் லாரிகளை முந்திக்கொண்டு போனார். அப்போதெல்லாம் அவள் பக்கத்தில், இந்தத் தட்டின் மேல் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

அப்படியென்றால் அவளுக்குத் தெரியும்.

இது உறைத்ததும்தான் அவர் உட்கார்ந்தார். தண்ணீர் ஓடின ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். துருவைவிட, ஓட்டையைவிட, இதுதான் ஆளை அடித்துப் போட்டது. தெரிந்தே ஏறியிருக்கிறாள். தெரிந்தே கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறாள்.

"அவளுக்குத் தெரிஞ்சிருக்குதுங்க டீச்சர். ஏன் எங்கிட்டச் சொல்லல?"

டீச்சர் தட்டைக் கழிவுப் பஞ்சால் துடைத்தார். இரண்டு பக்கமும் துடைத்தார். அவர் கையில் கொடுத்தார்.

"என்னையக் கேட்டா?" என்றார்.

வண்டி அங்கேயே கிடந்தது. சீடர் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனார். மடியில் தட்டு. ஆட்டோக்காரர் பிரேக் போடுகிற ஒவ்வொரு தடவையும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மெதுவாகப் போங்கள் என்று சொல்லிச் சொல்லி அந்த மனிதரைப் படுத்தி எடுத்துவிட்டார்.

வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் யாரும் இல்லை. கோதைநாயகி சமையலறையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். கணவர் சமையலறைக்குள் வந்து நின்றதையே அவர் அதிசயமாகத்தான் பார்த்தார். அந்த மனிதர் அங்கே வருகிற வழக்கமில்லை. பசித்தால் ஹாலில் டிவி முன்னால் உட்காருவார், தட்டு அங்கே போகும். சாப்பிட்டு முடித்தால் தட்டு திரும்பி வரும். அதற்கு நடுவில் உப்பு வேண்டுமென்றால்தான் வாயைத் திறப்பார்.

சட்டையெல்லாம் சிவப்பாக நிற்கிறாரே என்று பதறி எழுந்த கோதைநாயகி, அவர் கையில் இருந்ததைப் பார்த்ததும் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"பாத்துட்டீங்களா" என்றார்.

"இதை எப்ப வெச்ச?"

ஒரு மழைக்காலத்தில் பொள்ளாச்சிக் கல்யாணத்துக்குப் போனோமே, அப்போதிலிருந்து என்றார் கோதைநாயகி. அதற்கப்புறம் எத்தனையோ மழைக்காலம் போய்விட்டது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

"போறப்ப கம்மல் திருகாணி கழண்டு விழுந்துச்சுங்க. குனிஞ்சு மேட்டத் தூக்கிப் பாத்தேன். ரோடு ஓடிட்டிருந்துச்சு."

கஸ்தூரிசாமி ஃப்ரிட்ஜைப் பிடித்துக்கொண்டார்.

கோதைநாயகி சாதாரணமாகத்தான் சொன்னார். அப்போது ஓட்டை சின்னதுதானாம், உள்ளங்கை அகலம். அதற்குள் திருகாணி போயே போய்விட்டது. கால்மிதியைத் திரும்பப் போட்டுக் காலை மேலே தூக்கிக்கொண்டாராம். மறுநாள் வண்டி துடைக்கிற சாக்கில் ஒவ்வொரு பாத்திரமாகக் கொண்டுபோய் வைத்துப் பார்த்து, இந்தத் தட்டுத்தான் சரியாக உட்கார்ந்ததாம். ஓட்டை பெரிதாகப் பெரிதாகக் காலைத் தட்டின் ஓரத்தில் மட்டும் ஊன்றிக்கொள்வாராம். ஊர் போய் இறங்கினால் முழங்கால் இரண்டும் விட்டுப்போகுமாம்.

"பயமா இல்லியா உனக்கு?"

"இல்லாம என்னங்க? கோத்தகிரின்னு சொன்னதுல இருந்து எனக்குச் சோறே எறங்கல."

"அப்பறம் ஒரு வார்த்த சொல்றதுக்கென்ன?" அவருக்குக் குரல் உயர்ந்துவிட்டது. பயந்த மனுஷனுக்குக் கோபம்தான் முதலில் வரும். "வாயில என்ன கொழுக்கட்டையா? செத்துப் போயிருப்பியே. நானே கொண்டுபோய்க் கொன்னிருப்பனே."

கோதைநாயகி ஒரு பீன்ஸை எடுத்து நாரை உரித்தார்.

"மொதல்ல சொன்னேனுங்களே. மழை பேஞ்சா காலு நனையுதுன்னு. நீங்கதான் நல்ல கனமா ஒரு மேட்டு வாங்கிட்டு வந்து போட்டீங்க."

சொன்னது உண்மைதான். கஸ்தூரிசாமிக்கு ஞாபகம் வந்தது. பெங்களூரிலிருந்து வரவழைத்த ரப்பர். எப்படி இருக்கிறது பார் என்று அன்றைக்குக் கேட்கவும் கேட்டார். நன்றாக இருக்கிறது என்று கோதைநாயகி சொன்னார்.

அவர் கீழே உட்கார்ந்தார். சமையலறைத் தரையில், மனைவிக்கு எதிரில். தட்டை இருவருக்கும் நடுவில் வைத்தார். குரல் இறங்கிவிட்டது.

"அது என் தப்பு. ஆனா ரோடே தெரியுதுன்னு நீ சொல்லியிருந்தா நான் கேக்காமயா போயிருப்பேன், கோதை?"

"கேட்டிருப்பீங்க. அன்னிக்கே வண்டியப் பட்டறையில விட்டிருப்பீங்க."

"பின்ன? விட்டா என்ன?"

கோதைநாயகி கத்தியைக் கீழே வைத்தார். கணவரைப் பார்க்கவில்லை. ஹாலில் யாரும் கேட்காமல் டிவி பேசிக்கொண்டிருந்தது.

"அந்த வண்டியில ஏறுனாத்தானுங்க நீங்க எங்கூடப் பேசுவீங்க."